மீன் தொட்டிக்குள் எங்கள் லயம்

எங்கள் தோட்டத்தில் இப்போது இரண்டு லயங்கள் இருக்கின்றன. ஒன்று, ரிங்லெட் போகிற சாலைக்கு மேலே நாங்கள் குடியிருக்கிற லயம். வரிசையாகப் பத்து வீடு, தகரக் கூரை, மழை வந்தால் உள்ளேயும் குடை. இன்னொன்று, டீ சென்டர் ஹாலில் கண்ணாடித் தொட்டிக்குள், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அதுவும் பத்து வீடுதான். ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு வெந்நீர் வசதி உண்டு.

என் பெயர் யோகேஸ்வரி. முட்டி தேய்கிற வரைக்கும் கொழுந்து பறித்தேன். தேய்ந்த பிறகு டீ சென்டரில் கோப்பை கழுவுகிறேன். தேயிலையைப் பார்க்க மலையேறி வருகிறவர்கள் தேயிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு இறங்கிப் போவார்கள். என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன் ஃபேக்டரியில் ஃபிட்டர்.

புது மெனேஜர் லோகேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து வந்தவர். நம்ம ஆள், தமிழர். அவர் வந்த அன்று மாலை போட்டு வரவேற்றோம். பழைய வெள்ளைக்காரத் துரைகள் இங்கிலீஷில் திட்டுவார்களாம்; பாதி புரியாது, மனசு ஆறிவிடும் என்று என் மாமனார் சொல்வார். இந்தத் துரை தமிழிலேயே பேசுகிறார். எல்லாம் புரிந்துவிடுகிறது.

ஒருநாள் எங்களையெல்லாம் ஹாலுக்குக் கூப்பிட்டார்.

"ஜனங்க நம்ம ஹெரிட்டேஜைப் பாக்கணும். இந்தச் சுவரோரமா எட்டடியில ஒரு மீன் தொட்டி. உள்ள அப்படியே நம்ம தோட்டம். மலை, ரோடு, லயம், தேயிலை எல்லாம் தண்ணிக்குள்ள."

பக்கத்தில் நின்ற கொழுந்துக்காரி பாஞ்சாலை என் காதில் சொன்னாள். "தண்ணிக்குள்ள தேயிலையா? அப்ப மழைக்காலத்துல நாம பறிக்கிறது என்னவாம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கவலை வேறு. என் ஒரே மகள் பூவிழியை ஈப்போவில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அவளை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஆனால் தீபாவளிக்கு வந்திருந்த சம்பந்தி ரஞ்சிதம், அறைக்குள் கட்டில்மேல் நான் வைத்திருந்த பேசினையும் அதில் சொட்டுகிற மழையையும் பார்த்துவிட்டார்.

"சம்பந்தி, தப்பா நெனைச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் தப்பாகத்தான் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "ரூம்புக்குள்ள மழை பெஞ்சா பச்சப் புள்ளைக்கு ஆகுமா? கூரையைச் சரிபண்ணுங்க, நானே கொண்டாந்து விடுறேன். இல்லாட்டி எங்க வீட்லயே பெத்துக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு அவ்வளவு வலித்தது. இரண்டு மழைக்காலமாகக் கூரைக்காக நடந்துகொண்டிருந்தேன். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி, துரையைக் கேட்கச் சொன்னார். துரை, ஹெட் ஆபீஸைக் கேட்கிறேன் என்றார். ஹெட் ஆபீஸ் என்ன சொன்னதோ, அந்தப் பதில் இன்னும் மலையேறி வரவில்லை.

தொட்டி மட்டும் உடனே வந்துவிட்டது. கூடவே ஈப்போவிலிருந்து வோங் என்ற தொட்டிக்காரரும் வந்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. என்னை 'காக்' என்று, மலாயில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவார். தொட்டிக்கு அடியில் மெத்தை மாதிரி ஒரு விரிப்புப் போட்டார். கண்ணாடிக்குக் கால் வலிக்கக்கூடாது போலிருக்கிறது. பிறகு மூட்டை மூட்டையாகக் கறுப்பு மண் இறங்கியது. மீன் தொட்டிச் செடிக்கென்றே ஜப்பானில் செய்த மண்ணாம்.

"மண்ணுமா வெளிநாட்டுலேர்ந்து வருது?" என்றாள் பாஞ்சாலை. "கீழ லெம்பா பெர்த்தாம்ல வெள்ளம் வந்தப்ப எங்க அண்ணன் வீட்டுக்குள்ள சன்னல் வரைக்கும் சேறு ஏறுச்சு. ஒரு வாரம் வாரிக் கொட்டினோம். அப்பவே மூட்டை கட்டி வச்சிருக்கலாம் போல."

மண்ணை மலை மாதிரிச் சரித்து, நடுவே வெள்ளை மணலால் ரோடு போட்டார் வோங். தேயிலைச் செடிக்குப் பதில் தண்ணீரில் வளர்கிற ஒரு பாசி. அதைக் கூழாங்கல்லின்மேல் உருண்டையாக வைத்து நூலால் கட்ட வேண்டும். கட்டியதை வரிசையாக அடுக்கினால், தூரத்தில் நின்று பார்க்கிறவருக்குத் தேயிலை மலை மாதிரியே இருக்கும். இதற்காகக் கொழுந்துப் பெண்களில் ஐந்தாறு பேரை மலையிலிருந்து இறக்கி ஹாலில் உட்கார வைத்தார்கள். தண்ணீருக்குள் இருக்கிற தேயிலைக்கு அட்டை இல்லை, பாம்பு இல்லை, அதட்டி வேலை வாங்குகிற மண்டோர் இல்லை. ரொம்ப நிம்மதியான வேலை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பின்பக்கம் உயரச் செடிகளை நீளமான இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டார் வோங். அந்தச் செடிகள் நன்றாக வளர ஒரு கேஸ் சிலிண்டர். குளிர் தாங்காத மீன்கள் வரப்போவதால் தண்ணீரைச் சூடாக்க இரண்டு ஹீட்டர். நாங்கள் ராத்திரி ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் துவாலை சுற்றிப் படுக்கிற ஊரில்தான் இதெல்லாம் நடந்தது.

கடைசியில் வீடுகள் வந்தன. களிமண்ணில் சுட்டு வர்ணம் பூசிய பத்து வீடுகள். பச்சைக் கதவு, கதவில் எண், துருப்பிடித்த மாதிரியே பழுப்பு அடித்த கூரை. கிராணி லயத்துக்கு வந்து வெளியே நின்று எடுத்துப்போன படத்தைப் பார்த்துச் செய்தார்களாம். உள்ளே வந்திருந்தால் பேசினையும் செய்திருப்பார்கள்.

"சார், அந்த மூணாம் நம்பர் எங்க வீடு," என்றேன். "கூரையில…"

"அழகா வந்திருக்குல்ல?" என்றார் துரை.

தண்ணீர் நிரப்பியதும் மீனை எப்போது விடலாம் என்று கேட்டார். வோங் கையை ஆட்டினார். இப்போது விட்டால் எல்லாம் செத்துப்போகும். ஒரு மாதமாவது தண்ணீர் பழக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் உண்டாகி அழுக்கைத் தின்னக் கற்றுக்கொள்ள வேண்டும். குடியிருக்க வீடு தயாராகாமல் யாரையும் குடிவைக்கக்கூடாது என்று மலாயில் விளக்கினார். துரை கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"பாவம், வாயில்லா ஜீவன். எவ்வளவு நாள் ஆனாலும் பரவால்ல. வீடு சரியானப்பறம் வரட்டும்," என்றார்.

கையில் கோப்பைத் தட்டோடு நின்றிருந்தேன். தட்டைப் போட்டு உடைத்துவிடலாமா என்று வந்தது. கோப்பை உடைந்தால் நான்தான் கூட்ட வேண்டும் என்பதால் உடைக்கவில்லை.

வளைகாப்பு நடந்தது. போய் வளையல் அடுக்கிவிட்டு, மகளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். "கூரை வேலை நடக்குதாம்மா?" என்று அவள் கேட்டதற்கு, நடக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த வாரமே ஈப்போவிலிருந்து மீன்கள் வந்து சேர்ந்தன. பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைப் பழக்கி, மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைக்கிற மாதிரி உபசாரம் பண்ணி இறக்கிவிட்டார் வோங். ஊசி ஊசியாக நீலமும் சிவப்பும் மின்னுகிற ஒரு கூட்டம். விரல் நீளத்தில், வயிறு சிவந்த ஒரு ஜோடி.

அந்த ஜோடி பத்து வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்றாம் நம்பரில் குடியேறியது. கொஞ்ச நாளில் பெண் மீன் உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஆண் மீன் வாசலில் காவல் நின்றது. எட்டிப் பார்த்த வோங், உள்ளே கூரையில் முட்டை ஒட்டியிருக்கிறது என்றார்.

துரைக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கண்ணாடியைத் தட்டக்கூடாது, ஃபிளாஷ் அடிக்கக்கூடாது, பக்கத்தில் நாற்காலியை இழுக்கக்கூடாது.

"நீங்கதான் பாத்துக்கணும், யோகேஸ்வரி," என்றார் என்னிடம். "புள்ள பெத்தவங்க. உங்களுக்குத் தெரியும்."

இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன். "சார், என் மகளும் மாசமா இருக்கா. தலைப்பிரசவம். எங்க மூணாம் நம்பர்ல ரூம்புக்குள்ள ஒழுகுது. நாலு தகரம் கெடைச்சா போதும்."

அவர் கண் தொட்டியைவிட்டு நகரவில்லை. "அடுத்த வருஷ பட்ஜெட்ல பாக்கலாம்மா. கொஞ்சம் மெதுவா பேசுங்க. பெண் மீனு பயந்துக்கும்."

கோப்பை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மீன்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு வாய்த்தது அதற்கு. என் மகளைவிட ஒரு மீனுக்கு இந்தத் தோட்டத்தில் மரியாதை அதிகம் என்பதை என் காதாலேயே கேட்க வேண்டியிருந்ததே, அதற்குத்தான் அழுதேன்.

அழுது முடித்துவிட்டுத் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தேன். மீன் தீனி அங்கேதான் இருக்கும். அதன் பக்கத்தில் வோங் விட்டுப்போன பசைக்குழல் ஒன்று பாதி தீராமல் கிடந்தது. ஆரம்பத்தில் தொட்டியின் மூலையில் லேசாகக் கசிந்தபோது, அவர் இதைப் பூசிவிட்டு, "இனிமே பத்து வருஷம் சொட்டாது, காக்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கூரைமேல் ஏறி, ஆணி ஓட்டைகளில் குழல் தீருகிற வரை பூசினார். அன்று மழை பெய்தது. பூசிய இடத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. பூசாத இடத்தில் வழக்கம்போல் இறங்கியது.

மறுநாள் காலையில் துரையிடம் ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், முட்டியோடு.

"சார், தொட்டியில மூலையில கசியுது சார்."

"எங்க? எங்க?" நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

"தொடைச்சுட்டேன். இப்ப தெரியாது. ராத்திரிதான் கசியுது. வோங்க கூப்பிட்டா ரெண்டு நாளாவும், குஞ்சு பொரிக்கிற நேரம். அந்தப் பசை இருந்தா எங்க வீட்டுக்காரரே பூசிடுவாரு. ஃபிட்டர்தானே."

ஹெட் ஆபீஸ், பட்ஜெட், அடுத்த வருஷம் எதுவும் குறுக்கே வரவில்லை. அங்கேயே ஸ்டோருக்குப் போன் போட்டார். ஒரு குழல் கேட்டதற்கு ஒரு பெட்டியே வந்தது.

வீட்டுக்காரர் பயந்தார். "மாட்டினா வேலை போயிடும்லா, யோகேசு."

"மாட்டட்டும். எம்மவ மழையில படுக்க மாட்டா," என்றேன். பசை துளைக்குத்தான் ஆகும். துருவேறிக் கிழிந்த தகரத்தை என்ன செய்வது என்று அவர் கேட்டார். அதையும் மறுநாள் துரையிடம் கேட்டேன்.

"சார், தொட்டிக்கு மேல இருக்கிற ஹால் கூரையும் பழசு. மழைத்தண்ணி ஒரு சொட்டு தொட்டியில விழுந்தாலும் குஞ்சு அத்தனையும் போயிடும்."

"அய்யய்யோ," என்றார் துரை. நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். மறுநாள் லோரியில் புதுத் தகரம் வந்து இறங்கியது, கட்டுக்கட்டாக. ஹால் கூரைக்கு இரண்டு போதும். மிச்சம் எங்கள் லயத்து மேட்டுக்கு ஏறியது. சத்தம் கேட்டு முதலில் வந்தவள் பாஞ்சாலை. அவளுக்குப் பின்னால் லயமே ஏணியோடு நின்றது. அதற்குப் பிறகு தொட்டி பல இடத்தில் கசிய வேண்டியதாயிற்று. எந்த மூலையில் கசிகிறது என்று பாஞ்சாலை தினமும் காலையில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மலையேறுவாள்.

எட்டாம் மாதக் கடைசியில் ரஞ்சிதமே மகளைக் கொண்டுவந்து விட்டார். அறைக்குள் அண்ணாந்து, நாலு மூலையையும் பார்த்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க, சம்பந்தி," என்றார். அன்று ராத்திரி கொட்டியது மழை. பூவிழி காய்ந்த கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கினாள். பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த வாரம் துரை லயத்துக்கு வந்தார். மாலை போட்ட நாளுக்குப் பிறகு அவர் மேடேறி வருவது அதுவே முதல் தடவை. கூடவே பெரிய கேமராவோடு ஓர் ஆள். தொட்டிக்குப் பக்கத்தில் மாட்ட நிஜ லயத்தின் படம் ஒன்று வேண்டுமாம். வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பத்து வீட்டுக் கூரையும் வெயிலில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

துரை இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது புதுத் தகரமா?"

"ஆமா சார்."

"யாரு குடுத்தா?"

"நீங்கதான் சார் குடுத்தீங்க," என்றேன்.

யோசித்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. "ஆமா. சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு முகம் சுருங்கியது. "சே, அப்ப தொட்டியில இருக்கிறது மேட்ச் ஆகாதே. வோங்கிட்ட சொல்லி அங்கயும் கூரைய மாத்தணும்."

கேமராக்காரர் எங்கள் வாசலுக்கு நேராக நின்றார். மூன்றாம் நம்பர் வாசற்படியில் பூவிழி நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். துரை அவளைப் பார்த்துப் பூச்சியை விரட்டுகிற மாதிரி விரலை அசைத்தார்.

"கொஞ்சம் நகந்துக்கம்மா. வீடு மறைக்குது."

அவள் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். நான் போய் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது.

"எடுங்க சார்," என்றேன். "நாங்க நகர மாட்டோம். இது எங்க வீடு."