சுமை ஏற்றிய வண்டியின் விளக்கு

டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் மத்தியில் அவனுக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். தரை மயிரிழை சாய்ந்திருந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் ஓட்டுகிற வேனின் முன்விளக்குகள் மட்டும் மஞ்சள் பூத்து, எரிகிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தன. தங்கை பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தாள். இந்த விளக்கை நம்பி இருட்டில் போனால் ஒருநாள் சாக்கடையில்தான் கிடப்பாய் என்றாள். தையல் வேலை செய்கிறவள். வாயும் கத்தரிக்கோல் மாதிரிதான். அவனிடம் அப்படிப் பேச உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்கினான். எந்த வேலையானாலும் முதலில் இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் தொடங்குவான். அறையில் ஒரு நாற்காலி கிடந்தாலும் டைல்ஸில் கை வைக்க மாட்டான். அதே வழக்கப்படி வேனிலிருந்த டைல்ஸ் பெட்டிகள், பசை மூட்டைகள், வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் இறக்கி வைத்தான். புது விளக்குகளை மாட்டினான். பல்பின் கண்ணாடியில் விரல் பட்டால் சீக்கிரம் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் துணியில் பிடித்துப் பொருத்தினான். பிறகு எதிர்ச்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் அதைத் தாண்டாதபடி திருகாணியைத் திருகித் திருகி மட்டம் பார்த்தான். காலி வண்டியில், கனகச்சிதமாக. அங்கேதான் மனிதன் கோட்டை விட்டான். அது அப்போது அவனுக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து எதிரே வருகிற வண்டியெல்லாம் விளக்கைச் சிமிட்டின. புது விளக்கைப் பார்த்து வயிறெரிகிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தான்.

அந்த வாரமே தங்கை விழுந்தாள். தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் ஸ்கூட்டரில் திரும்பியவள், கிடங்குச் சாலை வளைவில் எதிரே வந்த வெளிச்சத்தில் கண் கூசி, ஓரத்துப் பள்ளத்தில் சரிந்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கத்தரி பிடிக்கிற கை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் சுற்றி நின்று கேட்டபோது, ஏதோ லாரி என்றாள். ரசமட்டத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நிற்காமல் போனவனுக்கு அக்கா தங்கை இல்லையா என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கரித்துக் கொட்டினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து அவளிடம் பழைய பேச்சு இல்லை. கேட்டால் பதில், அதோடு சரி. பழம் வாங்கிப் போனான், மாத்திரை வாங்கிப் போனான். வச்சிட்டுப் போ என்றாள். வலி அவளை இப்படி ஆக்கிவிட்டதே என்று நொந்துபோனான். கிடங்குச் சாலையில் போகும்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லாரிகளைப் பார்த்தான். ஆள் கையில் சிக்கினால் தோலை உரித்துவிடுவது என்று முடிவு.

ஒருநாள் மாலை, மறுநாள் வேலைக்காக வேனில் பாரம் ஏற்றினான். கடைசிப் பெட்டியும் ஏறியதும் பின்பக்கம் நன்றாக அமுங்கியது. தூறல் போட்டு இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க, மனைவி வண்டி விளக்கைப் போடச் சொன்னாள். போட்டான். சுவரில் அவன் இழுத்த கோடு இன்னும் அழியாமல் இருந்தது. வெளிச்சம் அதற்கு ஒரு சாண் மேலே ஏறி, துணிக்கூடையை எடுக்கக் குனிந்தவளின் முகத்தில் அடித்தது. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

பாரம் ஏறினால் பின்பக்கம் தாழும், மூக்குத் தூக்கும், விளக்கும் சேர்ந்து தூக்கும். ஊர் வீட்டுத் தரைக்கெல்லாம் மட்டம் பார்க்கிறவனுக்கு இது இன்றைக்குத்தான் உறைத்தது. ஸ்டியரிங் பக்கத்தில் எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. எதற்கென்று தெரியாமல் தொடாமலே விட்டிருந்தான். இப்போது திருப்பிப் பார்த்தான். வெளிச்சம் மெல்லக் கோட்டுக்கு இறங்கி வந்தது. வண்டி செய்தவன் இதற்கென்றே வைத்திருக்கிறான்.

தங்கை விழுந்த அன்று கிரானைட் பலகைகளை ஏற்றிக்கொண்டு, அதே நேரத்தில் அதே வளைவில் வந்தவன் அவன். எதிரே ஒரு ஸ்கூட்டர் ஓரமாக ஒதுங்கியதுகூட நினைவிருந்தது. லாரி எதையும் பார்த்த நினைவில்லை.

தங்கையிடம் சொல்லிவிடப் போனவனை மனைவி தடுத்தாள். அவளே லாரி என்று சொல்லிவிட்ட பிறகு நீயாகப் போய் வாயைக் கொடுப்பானேன், இருக்கிற ஒரு உறவும் அறுந்துபோகும் என்றாள். அவள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அண்ணனுக்குத் தங்கையும் தங்கைக்கு அண்ணனும்தான் மிச்சம். ஆனால் ஆஸ்பத்திரியில் அவன் திட்டிய திட்டெல்லாம் இப்போது அவன் காதிலேயே கேட்டது. கிளம்பிவிட்டான்.

தங்கை தையல் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள், கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது.

"அது லாரி இல்லம்மா, நான்தான். பாரம் ஏத்தினா விளக்கு தூக்கிக்கும்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

அவள் நிமிரவில்லை. "லாரி இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

பள்ளத்தில் கிடந்தபடியே பார்த்தாளாம். பின்விளக்கின் சிவப்பில், தாழ்ப்பாளுக்குப் பதிலாக வேனின் பின்கதவில் கட்டியிருந்த நீலக் கயிறு தெரிந்ததாம். அவள் வீட்டுக் கொடியிலிருந்து அவளே வெட்டிக் கொடுத்த கயிறு. அண்ணா என்று கத்தினாளாம். வண்டி போய்விட்டதாம்.

"நான் விழுந்ததப் பாத்துட்டு, நீ பயந்துபோய் ஓடிட்டன்னு நினைச்சேன். அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். அப்புறம் வந்து அத்தன பேர் முன்னாடி லாரிக்காரனத் திட்டினியே, அதத்தான் தாங்க முடியல."

அண்ணன் ஒரு கோழை, ஒரு நடிகன் என்று நம்பிக்கொண்டே, இத்தனை நாளும் அவனை ஒருவரிடமும் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள். வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தேன், சத்தம் கேட்கவில்லை என்று சொல்ல வந்தான். அழுகைதான் வந்தது.

அவள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "நிஜமாவே உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையை ஆட்டினான்.

அவள் ஆரம்பித்தாள். விளக்கு மாட்டுகிறானாம் விளக்கு, சுவரில் கோடு போட்டால் போதுமா, மண்டையில் ஏதாவது இருக்க வேண்டாமா, கண் இருந்தும் குருடு, காது இருந்தும் செவிடு, உனக்கெல்லாம் ஒரு வண்டி ஒரு கேடா என்று, பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்கு, கண்ணீர் வழிய வழியத் திட்டினாள். அவன் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது, எங்கே முடித்துவிடுவாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.