குதிகாலும் இஞ்சி டீயும்

ஜெகதீசன் கரண்டியின் அடியால் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் அவன் மனைவி சரோஜா சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். குதிகால் தரையில் பட்டதும் அவள் மூச்சை இழுத்தது இங்கே கேட்டது. கசப்பு தெரியாமலிருக்க டீயில் இன்னும் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டான்.

சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் பெண்களின் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டி வேலை அவளுக்கு. நின்றே ஆக வேண்டும், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவான். நின்று நின்று குதிகால் போயிற்று. கால் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டு டாக்டர் அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, தெளிந்ததைக் குதிகாலில் ஊசியாகப் போட்டார். முதலில் வலி கூடும், அந்த வலியோடுதான் உள்ளே ஆறும், வலி மாத்திரை மட்டும் கூடவே கூடாது என்று இரண்டு பேரிடமும் சொன்னார். சரோஜா அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். இவனால்தான் தாங்க முடியவில்லை. பாவி மனுஷன், தான் ஓட்டும் ஷேர் ஆட்டோவில் முதுகு வலிக்கு வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து வந்துவிட்டான்.

ஒரு நாள் மட்டும் என்றுதான் ஆரம்பித்தான். அன்று மத்தியானமே அவள் நடந்தாள். தன் ரத்தமே தன்னைக் காப்பாற்றியதாகத் தெருவெல்லாம் சொன்னாள். அந்த முகம் வாடிவிடக் கூடாதே என்று மறுநாளும் கலந்தான். பிறகு நிறுத்த வழி தெரியவில்லை.

மறுபடி காட்டப் போனபோது, டாக்டர் கேட்கும் முன்பே சொன்னாள். "ஒரு மாத்திர கூட தொடல சார். எங்கூட்டுக்காரர வோணா கேளுங்க."

டாக்டர் இவனைப் பார்த்தார். இவன் தலையாட்டினான். இனி வேலைக்குப் போகலாம் என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை அவன் மாத்திரை கலக்கவில்லை. இனியும் கலந்தால் ஆறாமலே போய்விடுமோ என்ற பயம். எல்லாவற்றையும் சொல்லிவிடும் முடிவோடுதான் டம்ளரை எடுத்து வந்தான். யூனிஃபார்மில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும், இன்னும் ஒரு வாரம் போகட்டுமே என்று மட்டும் முனகினான்.

"டாக்டரே போ சொல்ட்டாரு, உனுக்கு இன்னா?" என்று சிரித்தபடி டீயை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, இன்னிக்கு கசக்கவே இல்ல?"

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. பாதி டீயோடு டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். குதிகாலைத் தரையில் வைக்காமல், விரல்களை மட்டும் ஊன்றி, கேட்டைப் பிடித்து, பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்து, வேனை நோக்கி நடந்தாள்.