சிவப்பு வண்டிக்கு வழி

அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டில் ஒரு வேகத்தடை இருக்கிறது. நானும் என் மனைவி வள்ளியும் பதினாலு மாதம் மனு கொடுத்து, அலைந்து, கெஞ்சி வாங்கிய வேகத்தடை அது. என் மகள் வினோதினி மூன்றாவது படிக்கும்போது அந்த இடத்தில்தான் வெளியூர் வேன் ஒன்று அவளைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது ஏழாவது படிக்கிறாள், இடது கால் ஒரு அங்குலம் கட்டை. அந்த மேடு வந்த பிறகு அங்கே ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை. அப்படிப்பட்ட வேகத்தடை அங்கே இருக்கிறது என்பதையே நான், முருகையன், ஒரு புதன்கிழமை காலை சுத்தமாக மறந்துவிட்டேன். காரணம் ஒரு கார்.

நான் ஆக்டிங் டிரைவர். சொந்தமாக வண்டி கிடையாது. யாருக்காவது டிரைவர் வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள், ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். ரமணாசிரமத்துக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் பெங்களூர் அம்மா ஒருவர் தங்கியிருந்தார். அவருக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் விடுதி மதில் சுவருக்குள்ளேயே வண்டியை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "நிதானமா ஓட்றீங்க, போதும்," என்றார். மூட்டுவலி என்பதால் கிரிவலத்தில் பாதி தூரம்தான் நடப்பாராம், மீதியை வண்டியில் முடித்துக்கொள்வாராம். "பத்து மணிக்கு அடி அண்ணாமலை கோயில் வாசல்ல நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பையும் போனையும் வண்டியிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு கிளம்பிவிட்டார். நடக்கும்போது யாரோடும் பேசுவதில்லையாம். சாவியைப் பால் பாக்கெட் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வண்டி பழுத்த மிளகாய்ச் சிவப்பு. உயரம் என் இடுப்புக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கதவு பக்கவாட்டில் திறக்காது, வானத்தைப் பார்த்துத் தூக்கும். உள்ளே ஏறி உட்கார முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஜமுக்காளம் மட்டும் இருப்பதுபோல இருக்கும். பட்டனை அழுத்தினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. விடுதி வாசல் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் ஒன்றாக எழுந்து போய்விட்டன. எனக்கும் எழுந்து போய்விடலாம் போலத்தான் இருந்தது.

செங்கம் ரோட்டுக்கு வந்ததும் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் நம்ப முடியவில்லை. முதலில் டவுன் பஸ். இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், டவுன் பஸ்காரன் எனக்கு வழி விட்டதே இல்லை. அன்றைக்கு ஓரம் கட்டி நின்று, டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கையால் 'போங்க போங்க' என்று காட்டினான். பஸ் பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. காபி கடையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் கப்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். போன வாரம் இரவல் பைக்கில் ஹெல்மெட் போடவில்லை என்று என்னை நடுரோட்டில் நிறுத்தித் திட்டிய போலீஸ்காரர், எனக்குச் சல்யூட் அடித்தார். பதிலுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. ஹாரன் அடித்துவிட்டேன்.

கிரிவலப் பாதையில் திரும்பியதும் இன்னும் ஜாஸ்தி ஆனது. என்னைப் பார்த்தாலே டீ கேட்கும் சாமியார் ஒருவர் அங்கே உண்டு. அன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை, எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். புல்லுக்கட்டோடு போன பெண் ஒருத்தி கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். பைக்கில் வந்த இருவர் என்னைத் தாண்டிப் போய், நிறுத்தி, நான் தாண்டும்வரை நின்று, மறுபடி தாண்டிப் போனார்கள். இப்படியே மூன்று தடவை. எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி வாய் திறந்த சிரிப்பு. யாரும் பொறாமைப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். ஏதோ நல்லது தங்களுக்கே நடந்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டார்கள். எனக்கு நெஞ்சு விம்மிப் போயிற்று. நான் யார், எந்த ஊர், எதற்குப் போகிறேன் என்பதெல்லாம் தலையிலிருந்து கழன்றுவிட்டது. எதிரே மேடு தெரிந்ததும்தான் பிரேக்கை மிதித்தேன்.

மஞ்சளும் கறுப்புமாக, முக்கால் அடி உயரத்துக்கு நின்றது. எந்த வேனும் பறக்கக் கூடாது என்று நாங்கள்தான் நல்ல உயரமாகப் போடச் சொன்னோம். அந்த வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்கும்போது அது ஒரு மதில்போலத் தெரிந்தது. வண்டியின் மூக்கைத் தூக்க ஒரு பட்டன் உண்டு, அம்மா காட்டிக் கொடுத்திருந்தார். அழுத்தினேன், இரண்டு விரல்கடை உயர்ந்தது. மூக்கு தப்பித்தாலும் வயிறு நிச்சயம் உட்கார்ந்துவிடும்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கோயில் இன்னும் ஒரு கிலோமீட்டர், மணி பத்தாகப் பத்து நிமிஷம். முதலில் வந்தவர் வார்டு மெம்பர் கலையரசன். குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"டேய் முருகையா, நீயாடா?" என்றவர், வண்டியை ஒருதரம் முழுசாகப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நம்ம ஊர் பக்கம் எல்லாம் வந்துட்டீங்க," என்றார். கிண்டல் இல்லை. அவருக்கே தெரியாமல் அது வாயில் வந்துவிட்டது.

இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்றார்கள். முன்பக்கத்தைத் திறந்துவிட்டேன். உள்ளே இன்ஜின் இல்லை, அம்மாவின் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. முப்பது பேரும் அந்தச் செருப்பை மரியாதையாகப் பார்த்தார்கள். இன்ஜின் பின்னால் இருக்கிறது என்று சொன்னதும் எல்லாரும் பின்பக்கம் போனார்கள். விலையைக் கேட்டார்கள். நாலு கோடியாம் என்றேன். வண்டிமேல் கை வைத்திருந்தவர் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். டீக்கடை சந்திரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கல்யாணப் பெண்ணுக்குத் திருஷ்டி கழிப்பதுபோல வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் சுற்றி, நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். அத்தனை விரலும் சொடக்கு விட்டது. "பாத்தீங்களா, எவ்ளோ கண்ணு. யாரும் தொடாதீங்கப்பா, சும்மா பாருங்க," என்றாள்.

கலையரசன் குனிந்து வண்டியின் வயிற்றையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் மணியைக் கூப்பிட்டார்.

"மணி, கடப்பாரை கீதா? இத கொஞ்சம் தட்டிவுட்டா வண்டி போயிடும்."

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கலையரசன்தான், வேகத்தடை போட்டால் பஸ் குலுங்கும், முதுகு போய்விடும் என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பியவர். 'வேண்டாம்' என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த மேடு போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அத்தனை பேர் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டியைத் திருப்பிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

மணி கடப்பாரையை ஓங்கினான். முதல் அடியில் மஞ்சள் பூச்சு தெறித்தது. நான் உட்கார்ந்திருந்த உயரத்தில் ஆட்களின் முகம் தெரியாது, முழங்கால்களும் கடப்பாரை நுனியும்தான் தெரியும். இரண்டாவது அடியில் ஓரத்தில் ஒரு தேங்காய் மூடி அளவுக்குப் பெயர்ந்து உருண்டு வந்து என் சக்கரத்தில் இடித்தது.

அப்போது பள்ளிக்கூடக் கேட்டைத் திறந்துகொண்டு வள்ளி வந்தாள். அங்கே சத்துணவு சமைப்பது அவள்தான். கையில் கரண்டி. வண்டியைப் பார்த்ததும் அவளும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். பிறகுதான் கடப்பாரையைப் பார்த்தாள்.

"இன்னா பண்றீங்க? யார் சொல்லி இத உடைக்கிறீங்க?"

"வள்ளி, கொஞ்சம் ஓரமா ஒத்தும்மா," என்றார் கலையரசன். "மறுபடியும் போட்டுக்கலாம். பெரிய எடத்து வண்டி நம்ம ஊருக்குள்ள வந்து நிக்குது. நமக்குத்தான அசிங்கம்?"

"மொத தரம் போடவே பதினாலு மாசம் ஆச்சு. மறுபடியும் யாரு போடுவாங்க? எம்பொண்ணு காலு அதுக்குள்ள மறந்துபோச்சா ஒங்களுக்கு?"

நான் கதவைத் திறந்தேன். அது மேலே தூக்கியதைப் பார்த்து அந்த நேரத்திலும் கூட்டம் ஓ என்றது. வெளியே வந்து நின்றேன்.

"உடைக்காதீங்க மெம்பர். அது எம்பொண்ணுக்காக போட்டது. நான் வண்டிய திருப்பிக்கிறேன்."

"நீ சும்மா இருடா," என்றார் கலையரசன். "வண்டி ஓட்ட வந்தவன் ஓட்டறதோட நில்லு. திருப்பறேன்னு பள்ளத்துல வுட்டு கீறிட்டீன்னா, ஓனருக்கு நீ பதில் சொல்லுவியா? மணி, அடி."

உள்ளே இருந்தவரை சார். வெளியே காலை வைத்ததும் டா. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதோடு ஒரு யோசனையும் வந்தது. மறுபடி வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். கதவை மூடினேன். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு என் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா, முருகையன் பேசறேன்மா. எம்பொண்ணு அடிபட்ட எடத்துல போட்ட மேட்ட உங்க வண்டிக்காக உடைக்கறாங்கம்மா," என்றேன். சத்தமாகத்தான்.

மணியின் கடப்பாரை பாதியில் நின்றது. முப்பது பேரும் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்கள். அம்மாவின் போன் என் தொடைக்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது. நான் அந்தப் பக்கத்து வெறுமையைக் கொஞ்ச நேரம் கேட்டேன். "ஆமாம்மா," என்றேன். "சரிம்மா," என்றேன். "நல்லா கீதும்மா, ஏழாவது படிக்குது," என்றேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசகிவிட்டது. போனை இறக்கி, கண்ணாடி வழியாகச் சொன்னேன்.

"ஓனரம்மா உடைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. புள்ளைங்க நடக்கற எடமாம். பேந்தத இன்னைக்கே பூசிடணுமாம். இங்க அடிபட்ட பொண்ணு இப்ப எப்படி இருக்குதுன்னு கேட்டாங்க."

கலையரசன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பணிவு வந்தது. வண்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மாவே சொல்லிட்டாங்களா? மணி, கடப்பாரைய கீழ போடு. சிமெண்ட் கொழை," என்றார். சந்திரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மனசு, பெரிய மனசு," என்றாள். பெயர்ந்த துண்டை ஒருவர் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் மேட்டோரம் வைத்தார். வந்தபோது வண்டியைப் பார்த்ததைவிட இப்போது இன்னும் மரியாதையாகப் பார்த்தார்கள். இதே மேட்டுக்காக இந்த ஊரில் பதினாலு மாதம் கெஞ்சிக் கெஞ்சி என் தொண்டை வறண்டிருக்கிறது.

முப்பது பேரும் "வா வா வா, ரைட்டு, ரைட்டு" என்று கைதட்டி வண்டியைப் பின்னால் எடுக்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். டவுனுக்குப் போய், வழியில் இருந்த சின்ன மேடுகளை மூக்கைத் தூக்கித் தூக்கித் தாண்டி, மலைக்கு வடக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்க் கோயிலைச் சேரும்போது பதினொன்று ஆகிவிட்டது. அம்மா கோயில் வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி உறுமிக்கொண்டு போய் நின்றது. அவர் திரும்பவில்லை. நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

"லேட்டாயிடுச்சும்மா," என்றேன்.

"அப்படியா? எனக்குத் தெரியல," என்றார்.

நடந்ததைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் பெயரில் நான் பேசியிருக்கிறேன். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது வினோதினி உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வள்ளி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மேட்டைப் பூசியாகிவிட்டது, மெம்பரே நின்று பெயிண்ட் அடிக்க வைத்தார் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். அவளே பேசினாள்.

"அந்தம்மா நம்ம பொண்ணு எப்படி இருக்குதுன்னு கேட்டாங்களே. இந்த நாலு வருஷத்துல ஊர்ல ஒருத்தர் கேட்டுருப்பாங்களா? முன்னபின்ன தெரியாதவங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "ஒரு கோயிலுக்குப் போனா அவங்க பேருக்கு ஒரு விளக்கு ஏத்தணும். பேரு இன்னா?"

"கேக்கல," என்றேன்.

கீரைக் காம்பைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு அடி வுழற வரைக்கும் நீ உள்ள உக்காந்துனு பாத்துனுதான இருந்த?"

போனில் யாருமே இல்லை, கேட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது அது இல்லை.

"ஆமாம்," என்றேன்.