முடிவு ஆண்டு

மாங்கேணி அன்னப்பூரணியின் மகன் சுதாகரனுடைய குரல் 2010ஆம் ஆண்டு மட்டக்களப்பு டவுனில் முப்பத்தைந்து ரூபாவுக்குப் போனது. அதற்கு மேல் ஒரு சதமும் கிடைக்கவில்லை. அந்த முப்பத்தைந்துக்காக முனாப் தட்டிய இரண்டு வரியால், அன்னப்பூரணியின் வளவு மட்டும் எட்டு வருடமாக 2009 மே மாதத்தின் மூன்றாம் கிழமையிலேயே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் கார்ப்பெற் றோட் வந்தது, தேர்தல் வந்து போனது, மின்சாரக் கட்டணம் மூன்று தரம் கூடியது. வேலிக்கு இந்தப் பக்கம் மாமரத்தில் நின்ற நாற்பது காயும் பழுக்காமல் நாற்பதாகவே தொங்கின.

முனாப் காத்தான்குடிப் பிரதான வீதியில் துணிக்கடைக்குள் பிறந்து வளர்ந்தவன். ஒரு பெண் சாரியைத் தொட்டுப் பார்க்கும் விரலை வைத்தே அவள் எவ்வளவு கொடுப்பாள் என்று சொல்லுவான். சுனாமியில் கடல் வந்த வருடம் வாப்பா பக்கீரின் களஞ்சியத்துக்குள் உப்புத்தண்ணி ஏறி, பெருநாளுக்கு இறக்கிய சரக்கெல்லாம் கரைவலை போலச் சுருண்டு கிடந்தது. கடை எழும்பவில்லை. முனாப் வாவியைப் பார்த்த மாடி ஒன்றில், வெளிநாட்டுக் காசில் நடந்த மின்னூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சனம் கொண்டுவரும் பழைய கடிதம், அல்பம், கசற் எல்லாவற்றையும் அங்கே பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். எடுத்த பிரதி எந்த இடத்தைப் பற்றியது, எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு வரைக்கும் உள்ள காலத்தைப் பற்றியது என்று கொம்பியூட்டரில் பதிவது முனாப்பின் வேலை. உருப்படிக்கு முப்பத்தைந்து ரூபா. மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். முனாப் அதில் ஒரு நாள் போனான். மிச்சத்தைக் கடைப் பழக்கம் பார்த்துக்கொண்டது. பொதியின் மேல் எழுதுவது துணி நெய்த ஊரை அல்ல, வாங்குகிறவரின் ஊரைத்தான். கடன் பக்கத்தில் போடுவது கணக்குத் தொடங்கிய ஆண்டும் முடிந்த ஆண்டும். ஆகவே எதைக் கொண்டுவந்தாலும் கொண்டுவந்தவரின் ஊரையே இடம் என்று போட்டான். படத்திலும் கசற்றிலும் இருந்தவர் எப்போது கண்ணில் படாமல் போனாரோ அதையே முடிவு ஆண்டு என்று போட்டான். எவரும் திருத்தவில்லை.

அன்னப்பூரணி ஒரு கசற் கொண்டுவந்தாள். அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவில் சுதாகரன்தான் மைக் பிடிப்பான். சனநெரிசலில் தொலைந்துபோகும் பிள்ளைகளை மேடையில் இருத்தி, ஒருவருக்கு இனிப்பும் ஒருவருக்குச் சோடாவும் கொடுத்து, தாய் தகப்பனைக் கூப்பிடுவது அவனுடைய வேலை. கசற்றின் ஒரு பக்கத்தில் 2003ஆம் வருடத் திருவிழா இருந்தது. மறுபக்கத்தில் இருந்தது 2005, கடல் வந்ததற்கு அடுத்த திருவிழா. அந்த வருடம் மேடைக்குக் கீழே தாய்மார் வரிசையில் நின்று, கடல் கொண்டுபோன பிள்ளைகளின் பெயரையும் உடுப்பையும் சொன்னார்கள். சுதாகரனுக்கு அப்போது இருபது வயது. ஒருவரையும் மறிக்கத் தெரியாமல் அத்தனை பெயரையும் அறிவித்தான், பிள்ளை எங்கே நின்றாலும் மேடைக்கு வரட்டும் என்றான். கோயில்காரரும் மைக்கை வாங்கவில்லை. 2007இல் வாகரைப் பக்கச் சண்டையோடு அவன் வன்னிக்குப் போனான். கூட்டிப்போனது யார் என்று கேட்டால் ஊர் இருமும். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

“எந்த வருசத்தில இருந்து போடுறது அம்மா?” என்று முனாப் கேட்டான்.

“ரெண்டாயிரத்தி மூண்டு.”

“முடிவு?”

“முடிவெண்டு ஒண்டும் எழுதிராதீங்க மனே. அவன் வருவான்.”

“ஓம் அம்மா. எழுதல்ல.”

“சத்தியமா?”

“என்னப் பார்த்தாப் பொய் சொல்லுற ஆள் மாதிரியா இருக்கு?”

“துணிக்கடைக்காரன் மாதிரி இருக்கு” என்றாள் அன்னப்பூரணி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முடிவு ஆண்டுப் பெட்டியை வெறுமையாக விட்டால் கொம்பியூட்டர் அதைச் சிவப்பாக்கியது. சேமிக்க மறுத்தது. மாதக் கடைசி வேறு, அன்றைக்குள் பதியாத உருப்படி அந்த மாதக் கணக்கில் வராது. முனாப் இடத்துக்கு மாங்கேணி என்று போட்டான். முடிவுக்கு 2009 என்று தட்டினான். சிவப்புப் போனது. அவனும் சாப்பிடப் போனான்.

அன்று மத்தியானமே அன்னப்பூரணி வீட்டுக் கலண்டர் ஒரு வருடம் பின்னுக்குப் போய் நின்றது. கிழித்த தாள் காலையில் திரும்ப ஒட்டியிருந்தது. இதில் ஊருக்கு முதலில் விளங்கியது விலைதான். அந்த வளவுக்குள் நின்று எவர் எதை விற்றாலும் 2009ஆம் ஆண்டு விலைதான் வாயில் வந்தது. எழுபது ரூபாத் தேங்காய்க்காரன் எழுபது சொல்ல நாக்கைப் பிரட்டினால் முப்பது என்று விழும். பக்கத்து ஊரான ஓட்டமாவடி ஆட்கள் மீன்காரனைத் தேத்தண்ணிக்கு என்று அன்பாக உள்ளே அழைத்து, ஒரு குடி குடிக்குமுன் கூடையை முடித்துவிடுவார்கள். பிறகு மாங்கேணி மீன்காரர்கள் எவர் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாலும் ஓடத் தொடங்கினார்கள். புதிதாக அடித்த நோட்டுகள் வேலிக் கடப்படி தாண்டியதும் வெறும் தாளாகின, பழைய நோட்டு வைத்திருந்தவன் முதலாளியானான். நரைத்தவர் உள்ளே போனால் தாடி கறுத்தது. சும்மா முகம் பார்க்கவென்று கண்ணாடியோடு வந்தவர்களும் உண்டு.

அன்னப்பூரணியின் மகள் கஜானி மூன்றாம் வருடம் வாழைச்சேனையில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்தாள். பிள்ளை பிறந்து தூக்கிக்கொண்டு வந்தபோது, கடப்படியில் ஒரு கால் வைத்ததும் கையில் துணி மட்டும் இருந்தது. அவள் கத்திக்கொண்டு பின்னுக்குத் துள்ள, பிள்ளை திரும்பக் கைக்குள் வந்து பசிக்கு அழுதது. 2009இல் பிறக்காத பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அன்றிலிருந்து அன்னப்பூரணி பேரனை வேலிக்கு மேலால்தான் பார்த்தாள். வெளியே போய்த் தூக்கலாம்தான். ஆனால் பின்னேரச் செய்திக்கு அவள் உள்ளே நிற்க வேண்டும். அந்த வீட்டு றேடியோ ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கிழமைச் செய்தியையே வாசித்தது. சண்டை முடியப் போகிறது, சனம் நந்திக்கடலைக் கடந்து வந்துகொண்டிருக்கிறது. எந்தப் பின்னேரம் ஒரு பெயரைச் சொல்லுவார்களோ என்று அவள் அதன் முன்னால் குந்தியிருந்தாள்.

முனாப் இந்த வளவைப் பற்றிக் கேள்விப்பட்டது 2014இல். கேட்டதும் அவனுக்குத் தோன்றியது தங்கச்சி நபீஸாவின் கலியாணம். பவுண் விலை ஐந்து வருடத்தில் இரட்டிக்கு ஏறியிருந்தது. நகைக்கடை உசனாரிடம் மாங்கேணியில் நல்ல கருவாடு இருக்கிறது என்று சொல்லி, வளையலையும் அங்கேயே பார்ப்போம் என்று பெட்டியோடு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பழைய நோட்டுக் கட்டோடு வளவுக்குள் நின்று விலை கேட்டான். உசனார் சொன்ன விலையை உசனாரே நம்பவில்லை. வியர்த்துக்கொண்டு ஆறு வளையலையும் கொடுத்தார். அப்போதுதான் வீட்டுக்காரி தேத்தண்ணியோடு வெளியே வந்தாள்.

“டவுன்ல கசற் வாங்கின தம்பிதானே?”

முனாப்பின் கை வளையல் பொட்டலத்தோடு முதுகுக்குப் பின்னால் போனது. உள்ளே றேடியோ நந்திக்கடலைக் கடக்கும் சனத்தை எண்ணிக்கொண்டிருந்தது. அது எந்த வருடம், யார் போட்ட வருடம் என்று அவனுக்கு அந்த இடத்திலேயே விளங்கியது.

“முடிவெண்டு ஒண்டும் எழுதல்லத்தானே மனே?”

“இல்ல அம்மா” என்றான். தேத்தண்ணியை வாங்கித் தூணடியில் வைத்துவிட்டு, குடிக்காமல் வான் வண்டியில் ஏறினான்.

அடுத்த நான்கு வருடம் முனாப் நன்றாகச் சாப்பிட்டான், நித்திரைதான் வரவில்லை. திருத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் திருத்தினால், பிழை செய்தவன் யார் என்பது மாங்கேணிக்குத் தெரியவரும், வளையல் வாங்கியவன் யார் என்பது உசனாருக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டையும் ஒரு தராசில் வைத்து ஊர் பார்க்கும். நபீஸா கைவீசி நடக்கும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் பார்த்தான். தொழுதுவிட்டு எழும்பும்போது காதுக்குள் றேடியோ கேட்டது. மின்னூலகத்தில் கசற்றுகள் அடுக்கிய பக்கத்தால் போகாமல் சுற்றி நடந்தான்.

2018இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த ஆர்த்திகா பொறுப்பதிகாரியாக வந்தாள். பழைய பதிவு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திறந்தாள். காதில் மாட்டிக்கொண்டு சுதாகரனின் கசற்றை இரண்டு பக்கமும் கேட்டாள். கேட்டு முடிய மூக்கைத் துடைத்துக்கொண்டு முனாப்பைக் கூப்பிட்டாள்.

“முனாப் நானா, இது எந்த ஊர்ச் சத்தம்?”

“அமிர்தகழி.”

“மறுகா என்னத்துக்கு மாங்கேணி? கொண்டுவந்தவட விலாசத்தயா கேட்டது? இது ரெண்டாயிரத்தி அஞ்சோட முடியுது. ஒம்பது எங்கயிருந்து வந்த?”

“பொடியன் காணாமப் போனது ஒம்பதில மிஸ்.”

“ஆளயா பதியச் சொன்னது? கசற்றுக்குள்ள என்ன இருக்கோ அத மட்டும் பதியுங்க நானா. ஆள முடிக்கிறதுக்கு நாம ஆரு?”

அவள் அதைச் சட்டமாகத்தான் சொன்னாள். முனாப்புக்கு அது வேறு விதமாக இறங்கியது. திருத்துவதற்கு ஒரு நாள் தவணை கேட்டான். மாங்கேணிக்குப் போகும் வழியெல்லாம் அவனுடைய கடைப் புத்தி வேலை செய்தது. இடத்தை மாங்கேணி என்றே விட்டு முடிவை மட்டும் 2005 ஆக்கினால், வளவு 2005இல் நிற்கும். 2005இல் சுதாகரன் வீட்டில் இருந்தான். இதைவிட நல்ல ஈடு எந்தக் கடையில் கிடைக்கும்?

அன்னப்பூரணி முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முனாப் துணி விரிக்கிறவன் போலச் சுற்றி வளைத்துத் தொடங்கினான். அவள் ஈர்க்குமாறை நிறுத்தவில்லை.

“நீங்கதான் எழுதின எண்டு எனக்குத் தெரியும் மனே. நகைக்காரனோட வந்த அண்டு தேத்தண்ணியக் குடிக்காம வெச்சிட்டுப் போனீங்க. பொய் சொன்ன வாயால குடிக்க ஏலாமப் போன ஒரு துணிக்கடைக்காரன நான் அண்டுதான் கண்டன்.”

முனாப் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஈட்டைச் சொன்னான். மகன் வருவார், இருபது வயசு, இந்த வளவுக்குள்ளேயே நிற்பார்.

அவள் கூட்டுவதை நிறுத்தினாள். வீட்டுக்குள்ளே கிடந்த மகனின் கட்டிலைப் பார்த்தாள். ஈர்க்குமாறைத் தூணில் சாத்தினாள்.

“கடப்பால வெளிய போவானா?”

“போக ஏலாது.”

“அப்ப ஒம்பதில வன்னியில நிண்டவன்?”

முனாப்பும் கட்டிலை எட்டிப் பார்த்தான்.

“அவன் நடந்து நடந்து இஞ்ச வந்து சேந்தா, கட்டில்ல இருவது வயசுப் பொடியன் ஒருத்தன் படுத்துக் கிடப்பான். வந்தவன நான் எங்க படுக்க வைக்கிற? ஒண்டும் எழுதாதீங்க எண்டுதானே அண்டைக்கே சொன்னன்.”

“எழுதாம விட்டா ஒம்பது வருசமும் ஒரேயடியா உங்கட தலையில விழும் அம்மா. றேடியோவும் நிண்டுரும்.”

“முழங்கால் நோவும் சேத்துத்தான் வருமா?”

“அதுக்கு விலைக் கழிவு இல்ல.”

“வரட்டும்” என்றாள் அன்னப்பூரணி.

அடுத்த நாள் ஆர்த்திகா இலேசில் விடவில்லை. முடிவு ஆண்டைத் திறந்து வைப்பது பத்திரிகைக்கும் சஞ்சிகைக்கும்தான், இன்னும் வந்துகொண்டிருக்கிற சாமானுக்குத்தான், பொறுப்பதிகாரி கையொப்பம் இல்லாமல் முடியாது என்றாள். இதுவும் வந்துகொண்டிருக்கிற சாமான்தான் என்றான் முனாப். எங்கே வருகிறது என்று அவள் கேட்டாள். அப்போது அவன் முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னான், வளையல் உட்பட. அவள் அவனுடைய கீபோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு அனுமதிச் சொல்லைத் தானே தட்டினாள். இடம் அமிர்தகழி. தொடக்கம் 2003. முடிவு வெறுமை. சிவப்பு வரவில்லை.

மாங்கேணியில் அந்த மத்தியானம் மாமரம் ஒன்பது வருடக் காயையும் ஒன்றாகப் பழுக்கவைத்து உதிர்த்தது, முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. அன்னப்பூரணியின் தலை உலையில் போட்ட அரிசி போல வெளுத்தது. முழங்கால் நோவோடு அவள் வாசலில் இருந்தபோது றேடியோ கிரிக்கெற் சொல்லத் தொடங்கியது. அவள் அதை நிறுத்தினாள். பின்னேரம் கஜானியின் மகன் கடப்படியால் ஓடி வந்து, பாரத்தோடு அவளுடைய மடியில் விழுந்தான். வளவுக்குள் தேங்காய் எழுபது ரூபாவானது, ஓட்டமாவடி ஆட்கள் ஒரு கிழமை துக்கம் காத்தார்கள். முனாப் உசனாரிடம் போய் வளையலின் மிச்ச விலையைக் கொடுத்தான். அவர் அவனை உள்ளே கூப்பிடாமல், தெருவில் நிறுத்தி வைத்தே எண்ணி வாங்கினார்.

அந்த வருட ஆடி அமாவாசையன்று மின்னூலகத்தில் சுதாகரனின் பதிவு தானாகப் பதினொரு நிமிடம் நீண்டிருந்தது. ஆர்த்திகா காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். சிவப்புச் சட்டை, நான்கு வயது, பெயர் நிதுர்ஷன் என்று சொல்லுது, கையில் பலூன், தாய் தகப்பன் மேடைக்கு வரவும். அவள் கோயிலுக்குத் தொலைபேசி எடுத்தாள். அப்படியொரு பிள்ளை குளக்கட்டில் நின்று அழுதுகொண்டிருந்தது. வந்துகொண்டிருக்கிற சாமான் என்று பதிந்தால் அது வரத்தானே செய்யும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அடுத்த வருடம் கோயில்காரர் ஒரு வயரும் ஒரு ஆளும் அனுப்பி, பதிவை ஒலிபெருக்கியோடு நேரடியாக இணைத்தார்கள். மைக் பிடிக்க வேறு ஆள் தேவைப்படவில்லை. கச்சான் கடலை விற்பவர்கள், குரல் முந்தியைவிடக் கொஞ்சம் தடித்திருக்கிறது, வயது போகிறதுதானே என்றார்கள்.

கடைசி அறிவித்தல் எல்லா வருடமும் ஒன்றுதான். “மாங்கேணி அன்னப்பூரணி எங்க நிண்டாலும் மேடைக்கு வரவும். உங்கட பிள்ளை இஞ்ச நிக்குது.” முனாப் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து மேடையடியில் இறக்குவான். மேடையில் எவரும் இருப்பதில்லை. அவள் படியில் இருந்து, கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். முனாப் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு தள்ளி நிற்பான், ஒரு வருடமும் முந்திப் புறப்படுவோம் என்று சொன்னதில்லை. கொரோனா வருடம் கூட்டம் விடவில்லை, பிள்ளை ஒன்றும் தொலையவில்லை. குரல் அந்த ஒரு அறிவித்தலை மட்டும் செய்தது. பொலிஸ்காரர் அவளுக்கு மட்டும் தடையைத் திறந்துவிட்டார்.

போன திருவிழாவின் கணக்கைக் கோயில்காரர் வழக்கம்போல வாசித்தார்கள்: அறிவித்த பிள்ளைகள் இருபத்துமூன்று, கையில் சேர்ந்தது இருபத்திரண்டு, வரும் வருடத்துக்கு நிலுவை ஒன்று.