தரையில் அடித்த கை

மூன்று நாளாக அந்தப் படத்தின் முதல் காட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் எடிட்டர் அக்கா.

ஒருவன் மாடிப்படி ஏறி வருகிறான். மேலே கதவுக்குப் பின்னால் இன்னொருவன் கம்பியோடு நிற்பதை, படம் பார்ப்பவர்களுக்கு மட்டும் காட்டிவிட்டாள்; ஏறுகிறவனுக்குத் தெரியாது. இசையை அடியோடு எடுத்துவிட்டாள். காலடியும் மூச்சும்தான். அப்புறம் கம்பி கழுத்தைச் சுற்றி இறுகும், நெற்றி சுவரில் மோதிப் பிளக்கும், குப்புற விழுந்தவன் முதுகில் முழங்கால் ஏறும்.

ஏறுகிறவனாக நடித்தவன் பெயர் ரப்பர். எங்கிருந்து விழுந்தாலும் துள்ளி எழுவான் என்று சினிமாச் சண்டைக்காரர்கள் வைத்த பெயர். இந்தக் காட்சியை எடுத்தபோது எழவில்லை. குரல்வளை நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"முடியலன்னா தரையில மூணு தடவ அடின்னு சொன்னோம். அவன் அடிக்கவே இல்ல," என்று டைரக்டர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் மதியம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "அந்த மூஞ்சில இன்னும் நாலு செகண்டு நில்லுங்க. பாக்கறவன் மூச்சு விடக்கூடாது."

நாலு செகண்டுக்காக, தரையோரம் வைத்திருந்த இரண்டாவது கேமராவின் பதிவைத் திறந்தாள். ரப்பரின் கை தெரிந்தது. தரையில் மூன்று முறை அறைந்தது. மறுபடி மூன்று. நகம் பிய்ந்து ரத்தம் கோடிழுத்தது. "விடாத! அப்படியே புடி!" என்று டைரக்டரின் குரல் கத்தியது. கை அடங்கிப்போனது.

அவள் பதிவை நிறுத்தினாள். "அடிச்சிருக்கான் சார்."

"கைய வெட்டிருங்க. மூஞ்சி போதும்."

"முடியாது."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எலும்பு நெறிந்தது. மற்றொரு கையில் அகப்பட்ட ஹெட்போனால் அவர் வாயிலேயே ஓங்கி அறைந்தாள். உதடு கிழிந்து அவர் தடுமாறியதும், அந்தப் பதிவு இருந்த ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு நேராகச் சண்டைக்காரர்கள் சங்கத்துக்குப் போனாள்.

அந்த வாரமே டைரக்டரைப் போலீஸ் கூட்டிப்போனது. படம் நின்றது. அவளை அதற்கப்புறம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ரப்பரிடம் நேரில் சொல்லப் போனாள். தொண்டையில் குழாய். எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு தாளில் எழுதி நீட்டினான்: 'சீன் எப்படிக்கா வந்திருக்கு?'

"பிரமாதமா வந்திருக்குடா," என்றாள். பொய் இல்லை. "ஆனா அத இனிமே யாரும் பாக்கப்போறதில்ல."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.