பதில் கூவல்

குமுளிக்கு அருகே சக்குபள்ளத்துப் பக்கம் ஏலத்தோட்டங்களில் ஒரு சட்டம் உண்டு. எந்த முதலாளியும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் அதை மீறியவர் யாருமில்லை. செடிகளுக்குள் யானை நிற்பதை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் கூவ வேண்டும். கேட்டவர்கள் பதில் கூவ வேண்டும். பதில் வரும்வரை முதலில் கூவியவர் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. கீழே இருக்கிறவர்களுக்குச் சேதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் தான் மட்டும் ஓடிப் பிழைப்பது எப்படி?

சிசிலியின் கூவல் மூன்று மலைக்குக் கேட்கும். அடிவயிற்றில் கிளம்பி, பாதியில் ஓரிடத்தில் உடைந்து, மறுபடி ஏறும். அதைத்தான் அவள் மகள் நிமி பாட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

நிமிக்கு இருபத்து நாலு வயது. அவள் பாட, சதீஷ் கிதார் வாசிக்க, யோகப்பிரியா டிரம்ஸ் அடிக்க, மூன்று பேருமாக 'அஞ்சாம் லயம்' என்று ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். அஞ்சாம் லயம் என்பது நிமியும் அவள் அம்மாவும் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடு. பேர் நன்றாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாகக் கல்யாண மண்டபங்களிலும் ரிசார்ட்டுகளிலும் தொண்டை கிழியப் பாடியும் நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

குமுளியில் ஒரு பெரிய கச்சேரி கிடைத்தபோது சதீஷ் சொன்னான்: "இத அப்படியே ரெக்கார்டு பண்ணி லைவ் ஆல்பமா விட்டுருவோம். ஆனா ஆரம்பத்துல என்னமாச்சும் ஒண்ணு வேணும். கேக்குறவன் அப்படியே நின்னுரணும்."

நிமிக்கு உடனே அம்மாவின் தொண்டைதான் ஞாபகம் வந்தது.

"வெளாட்டுக்கு அதக் கூவக் கூடாதுட்டி" என்றாள் சிசிலி.

"ஒரே ஒரு தடவம்மா. எனக்காக."

எனக்காக என்று பிள்ளை கேட்டால் எந்த அம்மா தாங்குவாள்? சிசிலி மேடையேறினாள், கண்ணை மூடிக்கொண்டு கூவினாள். கூட்டம் திகைத்துப் போனது. முன்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெண்கள் பழக்கதோஷத்தில் பதில் கூவினார்கள். நிமியும் மைக்கில் கூவினாள். அவ்வளவுதான், மூவாயிரம் பேரும் சேர்ந்து கூவிவிட்டார்கள். எல்லாம் பதிவானது.

ஆல்பம் வந்த இரண்டே வாரத்தில் மூவருக்கும் தலைகால் புரியவில்லை. கம்பத்திலிருந்து கொச்சி வரைக்கும் ரீல்ஸ். எஃப்.எம்.மில் பேட்டி. ஒரு விமர்சகர் மட்டும், 'பாட்டுகள் சுமார், அந்தக் கூவலுக்காகவே கேட்கலாம்' என்று எழுதியிருந்தார். நிமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதையும் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

தோட்டத்தில் கேட்கவே வேண்டாம். ஆட்களை ஏற்றிவரும் ஷைஜுவின் ஜீப்பில் காலையில் அந்தக் கூவல், செடிகளுக்கு நடுவே இடுப்பில் செருகிய போன்களில் அந்தக் கூவல், பக்கத்து வீட்டு மாரீஸ்வரிக்கு ரிங்டோனே அதுதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டாலும் நிமிக்கு அலுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கும் மஞ்சுமூட்டம் விலகவில்லை. சிசிலி சரிவின் உச்சியிலிருந்த மேல்பத்திக்கு ஏலக்காய் எடுக்கப் போயிருந்தாள். மற்றப் பெண்கள் கீழே ஓடைப்பக்கம். நிமி வாசற்படியில் உட்கார்ந்து கமெண்டுகளுக்கு இதயம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேலேயிருந்து கூவல் கேட்டது. நிமி சிரித்துக்கொண்டாள். ஷைஜு ஜீப்பில் பாட்டைப் போட்டுவிட்டான் போல.

ஆல்பத்தில் கூவல் முடிந்து நாலு நொடியில் கூட்டம் பதில் கொடுக்கும். ஐம்பது தடவை கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தவள் அவள்தான், அவளுக்குத் தெரியாதா? நாலு நொடி போனது. பத்து நொடி போனது. பதில் வரவில்லை.

மறுபடியும் கூவல் கேட்டது. ஆல்பத்தில் அம்மாவுக்கு இரண்டாவது கூவல் கிடையாது.

நிமி போனைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று, தன்னால் முடிந்தமட்டும் பதில் கூவினாள்.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியாக்கும்? சவுண்டக் கொறச்சு வையிட்டி!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மாரீஸ்வரி.

அப்போதுதான் நிமிக்கு உறைத்தது. அவள் குரலும் ஆல்பத்தில் இருந்தது, அம்மா குரலுக்கு அடுத்தபடியாக. மேலே நிற்கிற அம்மாவுக்கும் இது பாட்டாகத்தான் கேட்கும். ஓடைப்பக்கம் இருபது பேர் இருந்தார்கள். ஒருத்தி இடுப்புப் போன் பாடுகிறது என்று இன்னொருத்தி நினைத்துக்கொண்டு காயெடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் பதில் கொடுக்கப்போவதில்லை. பதில் வராமல் அம்மா நகரப்போவதில்லை. யானைக்கு முன்னால் அப்படியே நிற்பாள்.

மூன்றாவது கூவல் பாதியில் உடைந்தது. மறுபடி ஏறவில்லை.

நிமி ஓடினாள். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. ஆளெடுக்கும் பெரட்டுக்களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கல்லால் அடித்தாள். அது காலையில் ஏழு மணிக்கு ஒருமுறை அடிப்பது, அத்தோடு சரி. எட்டு மணிக்கு அது விடாமல் அடிக்கவும் கதவுகள் திறந்தன.

"பாட்டில்ல! எங்கம்மா கூவுது! கூவுங்க, எல்லாரும் கூவுங்க!"

மாரீஸ்வரிதான் முதலில் கூவினாள். பிறகு லயத்துக் கிழங்கட்டைகள், ஜீப்பிலிருந்து இறங்கிய ஷைஜு, கடைசியில் ஓடைப்பக்கத்துப் பெண்கள். தாளமில்லை, சுதியில்லை, ஆளுக்கொரு பக்கம் இழுத்தது.

மேலே சத்தமே இல்லை. சேதி கிடைத்து ஓடிவிட்டாளா, இல்லை கூவ ஆளே இல்லையா? நிமிக்கு அதற்குமேல் நினைக்கப் பயமாக இருந்தது. ஓடைப்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக மஞ்சுக்குள்ளிருந்து ஓடிவந்தார்கள். ஒவ்வொரு உருவமும் அம்மா மாதிரி தெரிந்து, கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆனது. இருபது பேரும் வந்துவிட்டார்கள். "மாதாவே, மாதாவே" என்பதற்கு மேல் அவளுக்கு ஜெபம்கூட வரவில்லை.

அரைமணி கழித்து, காய் உலர்த்தும் ஸ்டோர் வழியாகச் சுற்றிக்கொண்டு சிசிலி வந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. சேலை முந்தி கிழிந்திருந்தது. யானை குட்டியோடு நின்றிருக்கிறது, இருபதடி தூரத்தில்.

நிமி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏம்மா ஓடல? மூணு தடவ கூவுற வரைக்கும் ஏம்மா அங்கயே நின்ன?"

சிசிலி மகளின் கையை மெல்ல விலக்கி, முகத்தைப் பார்த்தாள்.

"மூணுன்னு சரியாச் சொல்லுத. அப்ப மொதக் கூவலே ஒனக்குக் கேட்டிருக்கு."

நிமியால் பொய் சொல்ல முடியவில்லை. "பாட்டுன்னு நெனச்சிட்டேம்மா."

சிசிலி கிழிந்த முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது நிமிக்கு.

மத்தியானமே சதீஷுக்குப் போன் போட்டு, அந்த டிராக்கை எடுக்கச் சொன்னாள். "ஆல்பமே அதுதான நிமி?" என்றான். "எடுத்துரு" என்றாள். நடந்ததைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிட்டான். ஆனால் அது ஏற்கெனவே எத்தனை ஆயிரம் போன்களில் ஏறிவிட்டது! கொட்டிய பாலை யார் அள்ளுவது?

சாயங்காலம் அம்மாவும் மகளும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே எங்கோ ஒரு போன் அடித்தது. அதே கூவல். சிசிலி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய், தன் குரலுக்குத் தானே பதில் கூவினாள்.

"அம்மா, அது யாரோட போனோ."

"தெரியுது. ஒருவேள நெசமாவே எவளாவது பதிலுக்கு நின்னுக்கிட்டிருந்தா?"

அவள் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. நிமி எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, தானும் கூவினாள்.