நூற்றுப்பதினான்காம் வில்லை

பெஞ்சில் இடம் இருந்தும் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ரயில்வே அலுவலகத்தின் நீண்ட வராந்தாவில் அறுபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் மலைக்குள் சுரங்கப்பாதை தோண்டியவர்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய பெண்டாட்டிகள். பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்டது. டாக்டர்கள் வருவது இன்று ஒரு நாள்தான். நெஞ்சைப் படம் எடுத்து, தூசி படிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை, ஆக்சிஜன், கடைசிவரை மருந்து. எழுதாவிட்டால் வீட்டுக்குப் போய் இருமவேண்டியதுதான்.

"உக்காருண்ணே. நீ நடக்கிறதப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்றான் தம்பி. நாலு வயது இளையவன். பார்த்தால் அண்ணனுக்கு அப்பா என்பார்கள். மனைவி அவன் முதுகை நீவிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பாதையில் இப்போது ரயில் ஓடுவதில்லை. மலையின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் குடைய ஆரம்பித்து, நடுவில் சந்தித்து, செங்கல் வளைவு கட்டி முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. ரயில் ஓடியது ஒன்பதே வருடம். பிறகு வந்த பெரிய பெட்டிகள் வளைவில் உரசின. மலையைச் சுற்றிப் புதுப் பாதை போட்டு, பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு, சுரங்கத்தின் வாய்க்குக் கம்பிக்கதவு போட்டுவிட்டார்கள். துளை போடும்போது தூசி பறக்காமலிருக்கப் பாறையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். குழாய் வரும், வரும் என்றார்கள். வேலைதான் முடிந்தது, குழாய் வரவில்லை. உலர்ந்த பாறையையே துளைத்தார்கள். மாவு மில்லில் நின்றவர்கள்போல் வெளுத்துப்போய் வெளியே வருவார்கள்.

உள்ளே போகிறவர் வாயிலில் இருக்கும் பலகையில் தன் எண் போட்ட பித்தளை வில்லையை மாட்டிவிட்டுப் போகவேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ளவேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு வில்லை தொங்கினால் ஆள் உள்ளே சிக்கிக்கொண்டான் என்று தேடுவார்கள். நூற்றுப்பதினான்கு அண்ணனுடையது. முதல் நாளே நூறு அடி போனதும் இருட்டு அவர் நெஞ்சை அடைத்தது. அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். அதைக் கேட்டுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "வில்லைய இங்க குடு. அவங்களுக்குத் தலை எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும். நீ என் மரக்கடை வேலையப் பாத்துக்க" என்றான். மேஸ்திரிக்கும் இது தெரியும். துளை விழுந்தால் சரி என்று இருந்துவிட்டார்.

"நூத்திப் பதினாலு!"

அண்ணன் தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். குமாஸ்தா அடையாள அட்டையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே?"

"பேரு என்னுது. வேலை பாத்தது இவன் சார்" என்றார் அண்ணன்.

"பதிவேட்ல இருக்கிற ஆளுக்குத்தான் படம்."

"கிழக்கு வாயிலேருந்து நானூறு அடில ஊத்து வந்துச்சு சார்" என்றான் தம்பி. "அங்க மட்டும் வளைவுல செங்கல் நாலு வரிசை. போய்ப் பாருங்க." அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினான்.

குமாஸ்தா அண்ணன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "வில்லைக்கு மூஞ்சி கிடையாது, அட்டைக்கு இருக்கே. நான் என்ன பண்ணட்டும்? நீங்க உள்ள வாங்க, டாக்டர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க."

"விட்டுராதீங்க மாமா" என்றாள் தம்பி மனைவி. "இன்னைக்கு விட்டா இவரு எனக்கு இல்ல."

உள்ளே அண்ணனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நிறுத்தினார்கள்.

"ஐயா, ஒரு விஷயம்..."

"அப்புறம் பேசலாம். மூச்சைப் பிடிங்க."

பிடித்தார். அரைமணி கழித்துப் படம் வந்தது. பெரிய டாக்டர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எத்தனை நாள் உள்ள வேலை?"

குமாஸ்தா தலை நிமிராமல் வாசித்தார். "எண்ணூத்திப் பன்னெண்டு நாள் சார். ஒரு நாள்கூட லீவு இல்ல. இவருதான் அதிகம்."

"இங்க வந்து பாருங்க" என்று அவர் மற்ற இரண்டு டாக்டர்களையும் கூப்பிட்டார். "கண்ணாடி மாதிரி இருக்கு. இவருக்கு வராதது மத்தவங்களுக்கு மட்டும் எப்படி வரும்? சிகரெட் குடிச்சதச் சொல்லமாட்டாங்க, சுரங்கத்து மேல பழி."

"ஐயா, உள்ள போனது நான் இல்லீங்க, என் தம்பி. வெளியதான் உக்காந்திருக்கான். ஒரே ஒரு தடவை அவனப் பாருங்க. உங்க கால்ல விழுறேன்."

"பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு டாக்டர் எழுத ஆரம்பித்தார். எண் நூற்றுப்பதினான்கு. மற்ற எல்லோரையும்விட அதிக நாள் உள்ளே இருந்தவர். தூசியால் பாதிப்பு இல்லை.

வராந்தாவில் தம்பிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிடித்தால் லேசில் விடாது. அடித்தொண்டையிலிருந்து, சுவரில் மோதுவதுபோல, மேலும் மேலும் வந்துகொண்டிருந்தது. டாக்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"யாருப்பா அது? எழுதவே முடியல."

நர்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.